மேட்டுக்குப் பார்த்த வைத்தியமும் குறைந்துபோன மைலேஜும்

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களின் புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான். லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 11-க்கு வந்து நிற்கிறது. பட்டறைக்குப் போனால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "மலைக்குப் போய்ட்டு வர்ற வண்டிண்ணே, அப்படித்தான் குடிக்கும்" என்பது ஒன்று. "எஞ்சின் தேஞ்சுபோச்சு, இறக்கிப் பார்த்துரலாம்" என்பது மற்றொன்று. இரண்டையும் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஏற்றம் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கில் 5 கிலோமீட்டர் குறைவு வராது. எஞ்சின் தேய்ந்தால் மைலேஜுக்கு முன்னாலேயே வேறு அறிகுறிகள் வந்துவிடும். இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப் பகுதியில் பல வண்டிகளில் பெட்ரோலைத் தின்பது, மலை ஏறுவதற்காக யாரோ எப்போதோ அந்த வண்டிக்குச் செய்துவைத்த வைத்தியம்.

முதலில் 11 என்பது உண்மையா என்று பார்க்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன், முள் இவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் அளவில் சேராது. பெட்ரோல் முள் பழைய வண்டிகளில் சரிவில் நின்றால் ஒன்று காட்டும், சமதரையில் இன்னொன்று காட்டும். ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்பில், வண்டி சமமாக நிற்கும் இடத்தில், துப்பாக்கி (பெட்ரோல் ஊற்றும் குழாய்முனை) தானாக நிற்கும் வரை நிரப்ப வேண்டும். குறைந்தது 200, 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி அதே மாதிரி நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் அதுதான் மைலேஜ். குமுளிக்காரர்கள் பலர் விலை வித்தியாசத்துக்காக மலை இறங்கி வந்து தமிழ்நாட்டுப் பக்கம் நிரப்புகிறார்கள். 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்ட பிறகு இதற்குக் கூடுதல் காரணமும் சேர்ந்தது. அவர்கள் நிரப்பும்போது டேங்க் கீழே இருக்கிறது, வண்டி ஓடுவது மேலே. ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே என்று நிரப்பினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. ஆடி மாதத்தில் தேனியிலிருந்து கம்பம் வரை எதிர்காற்றில் ஓட்டிவிட்டு மைலேஜ் போச்சு என்பதும் இதே கதைதான். போகவும் வரவும் சேர்த்துத்தான் கணக்கு.

கிலோமீட்டர் மீட்டரும் சில சமயம் ஏமாற்றும். மாருதி 800-க்குக் கம்பெனி டயர் 145/70 ஆர்12. மேடு பள்ளத்தில் வயிறு தட்டாமல் இருக்கட்டும் என்று 155/70 போட்டிருப்பார்கள். அந்த டயரின் விட்டம் சுமார் 14 மில்லிமீட்டர் அதிகம். அதாவது வண்டி 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 97-தான் காட்டும். லிட்டருக்கு 16 கொடுக்கும் வண்டி, எந்தக் கோளாறும் இல்லாமலேயே, காகிதத்தில் 15.5 ஆகிவிடும்.

சரி, ஏற்றத்துக்கு வருவோம். லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். தேக்கடித் தண்ணீர் லோயர்கேம்ப்பின் ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்சாரம் கொடுப்பதும் இந்த உயரத்தை நம்பித்தான். தண்ணீர் இறங்கும்போது கொடுப்பதை, கார் ஏறும்போது செலவழிக்கிறது. நான்கு பேரோடு ஒரு மாருதி 800-இன் எடை 900 கிலோ வரும். அதை 500 மீட்டர் தூக்க 44 லட்சம் ஜூல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.2 கோடி ஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்கு அனுப்பும், மிச்சம் சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் சூடாகப் போய்விடும். ஆக ஏறுவதற்குக் கூடுதலாக அரை லிட்டரும் சொச்சமும்.

கம்பத்திலிருந்து குமுளி போய்த் திரும்ப 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சமவெளியில் 16 கொடுக்கும் வண்டிக்கு இது மூன்று லிட்டருக்குள் முடியும் தூரம். ஏற்றத்துக்கு அரை லிட்டரைக் கூட்ட வேண்டும். ஆனால் இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும், ஏனென்றால் கீழே வரும் அந்த ஏழு கிலோமீட்டருக்கு எஞ்சினுக்கு வேலையே இல்லை. இரண்டாம் கியரில் உறுமுவது, பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்பது எல்லாம் சேர்த்தாலும் மொத்தப் பயணத்துக்கு 14-க்குக் கீழே போகக் காரணமில்லை. போடியிலிருந்து போடிமெட்டு என்றால் ஏற்றம் இதைப்போல் இரு மடங்கு, ஏறத்தாழ 1,000 மீட்டர். பூப்பாறை, மூணாறு என்று மேலேயே ஏறி இறங்கி ஓட்டுபவருக்கு இன்னும் குறையும், பிரேக்கில் அழிக்கும் ஒவ்வொரு இறக்கமும் ஏற்றத்தில் கொடுத்த பெட்ரோல் என்பதால். அவருக்கு மலைதான் காரணம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். மாதம் இரண்டு தடவை குமுளி போகிறவர் அதைச் சொல்ல முடியாது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்பும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2000-ஐ ஒட்டி ஊசிமுறை எரிபொருள் செலுத்தும் எம்பிஎஃப்ஐ எஞ்சின்கள் வந்த பிறகு இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினைச் சக்கரமே சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றித்தான் ஆக வேண்டும். எஞ்சின் பிடிப்பு இல்லாததால் பிரேக் சூடேறிக் கடைசி வளைவில் கைவிடுவது தனி ஆபத்து. சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும்.

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். இதில் முதலிடம் தெர்மோஸ்டாட் வால்வுக்கு. பழைய வண்டி ஏதாவது ஒரு சித்திரை மாதத்தில் பாதி மலையில் கொதித்து நின்றிருக்கும். ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, தண்ணீர் ஊற்றி, எப்படியோ கீழே கொண்டுவந்து பட்டறையில் விட்டால், மெக்கானிக் அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, "எடுத்துவிட்டாச்சுண்ணே, இனிமே சூடே ஏறாது" என்பார். கூடவே ரேடியேட்டர் ஃபேனையும் டைரக்ட் பண்ணிவிடுவார், சாவி போட்டதும் சுற்ற ஆரம்பித்து அணைக்கும் வரை சுற்றும். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதற்குப் பிறகு சூடு ஏறுவதில்லை. மலையில் ஏறுவதில்லை, சமவெளியில் ஏற வேண்டிய அளவுக்கும் ஏறுவதில்லை.

அந்த வால்வுக்குள் இருப்பது ஒரு மெழுகு உருண்டை. எஞ்சினைச் சுற்றும் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அது மூடியே வைத்திருக்கும். மெழுகு உருகி விரிந்ததும் வழி திறக்கும். வால்வு இல்லாத வண்டியில் ஸ்டார்ட் பண்ணிய நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டிருக்கும். பள்ளத்தாக்குக் காற்றில் 60, 70-இல் ஓடும்போது எஞ்சின் 50, 60 டிகிரியிலேயே நின்றுவிடும். எம்பிஎஃப்ஐ வண்டியின் கம்ப்யூட்டர் இதைப் பார்த்துவிட்டு, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று முடிவு கட்டிக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொடுக்கும் கூடுதல் பெட்ரோலை நாள் முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்கும். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கருவி) உள்ள வண்டியில் கம்ப்யூட்டர் இல்லை, ஆனால் குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் துளியாகவே உள்ளே போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவிவிட்டு பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். எஞ்சின் தேஞ்சுபோச்சு என்ற தீர்ப்பு சில வருடம் கழித்து உண்மையாகிவிடுவது இப்படித்தான்.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் பிடித்துப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு நன்றாக இருந்தால் பல நிமிடங்கள் குழாய் பச்சைத்தண்ணீராகவே இருக்கும், அப்புறம் திடீரென்று கை வைக்க முடியாத சூடு வரும். முதலிலிருந்தே வெதுவெதுவென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே வால்வே இல்லை. இன்னொரு அடையாளம், டெம்பரேச்சர் முள் சமவெளியில் கீழே கிடக்கும், மலை ஏறும்போது மட்டும் நடுவுக்கு வரும்.

புது வால்வு போட்டால் மறுபடி கொதிக்குமே என்று பயம் வரும். கொதித்ததற்கு உண்மையான காரணத்தை அன்றைக்கு யாரும் தேடவில்லை என்பதுதான் விஷயம். கூலன்ட் ஊற்றாமல் போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரின் குழல்களில் உப்பு அடைத்திருக்கும். அல்லது ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. அழுத்தம் போய்விட்டால் குமுளி உயரத்தில் வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, மூடியை மாற்றி, ஃபேன் சுவிட்சைச் சரிசெய்த பிறகு வால்வைப் போட்டால் வண்டி மலையும் ஏறும், மைலேஜும் கொடுக்கும்.

வால்வு சரியாக இருந்தும் இதே அறிகுறி இருந்தால் சந்தேகம் தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சார் மேல் போக வேண்டும். மாருதி வண்டிகளில் அது ஆறியிருக்கும்போது சுமார் இரண்டரை கிலோ ஓம், சூட்டில் 300 ஓம் அளவுக்கு இறங்க வேண்டும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த எலக்ட்ரீஷியனும் பார்த்துவிடலாம்.

அடுத்த வைத்தியம் ஹேண்ட் பிரேக்கில் நடக்கும். குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கமோ ஏலத்தோட்டத்துச் சரிவிலோ நிறுத்தினால் வண்டி நகர்கிறது என்று கேபிளை இறுக்கச் சொல்லியிருப்போம். தேய்ந்த பிரேக் லைனரை மாற்றாமல் கேபிளை மட்டும் இறுக்கினால், லிவரை இறக்கிய பிறகும் பின் டிரம்மில் லைனர் உரசிக்கொண்டே வரும். முன்பக்கத்தில் வேறு கதை. தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் நனையும் வண்டிகளில் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் கவ்வி) நகர வேண்டிய பின்கள் துருப்பிடித்து இறுகி, மிதியை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியாது, ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்துச் சமாளித்துவிடுவார்.

சமதரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக் பிடிக்காமல் உருண்டு வந்து நிற்கவிட்டு, நான்கு வீலுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனலடித்தால் அந்த வீல்தான் பெட்ரோல் குடிக்கிறது. டிரம்மைத் தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். ஜாக்கி போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் இரண்டு மூன்று சுற்றாவது தடையில்லாமல் சுற்ற வேண்டும். சரிவில் நிறுத்த இந்த ஊர் ஜீப்காரர்களின் பழைய வழியே நல்ல வழி, கியரில் போட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள்.

கார்புரேட்டர் வண்டி இன்னும் ஓடுகிறதென்றால் அங்கே வேறொரு சிக்கல் உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. போடிமெட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 12 சதவீதம் போலக் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, ஏறத்தாழ அதே பெட்ரோலை ஊற்றும், கலவையில் பெட்ரோல் மிஞ்சும். அதனால் மேலே இருக்கும் பட்டறையில் டியூன் செய்த வண்டி கீழே வந்தால் இழுவை இல்லாமல் திணறும். கீழே உள்ள மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டுவார். அது மேலே போனால் கரும்புகை விடும். எந்த உயரத்தில் அதிகம் ஓடுகிறதோ அங்கே மட்டும் டியூன் செய்வது என்று முடிவு பண்ணிக்கொள்வது நல்லது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்துவதையும் கண்டால் தடுத்துவிடுங்கள். அது மயிரிழை அளவில் துளையிட்ட பித்தளை, ஒரு தடவை குத்திப் பெரிதானால் அதற்குப் பிறகு எந்த டியூனிங்கும் பழைய மைலேஜைக் கொண்டுவராது.

பெட்ரோல் மிஞ்சி எரிகிறதா என்று அறிய ஒரு வழி எல்லாரிடமும் டேஷ்போர்டுக்குள் மடித்துக் கிடக்கிறது, யாரும் படிப்பதில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழைச் சொல்கிறேன். அதில் கார்பன் மோனாக்சைடு சதவீதம் இருக்கும். பாரத் ஸ்டேஜ் என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியில் 2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு வரம்பு 3, பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5, பாரத் ஸ்டேஜ் 4-க்கு 0.3. காற்று போதாமல் பாதி எரிந்த பெட்ரோல்தான் கார்பன் மோனாக்சைடு. பாரத் ஸ்டேஜ் 3 வண்டியில் போன தடவை 0.1 இருந்தது இந்தத் தடவை 0.45 என்றால், சான்றிதழ் பாஸ் சொன்னாலும் வண்டி ஏதோ சொல்கிறது. குழாயை உள்ளே விடாமலேயே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழ் என்றால் இந்த வழி உதவாது.

அந்த எண் கூடியிருந்தால் ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கலாம். சைலன்சர் குழாயில் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மோந்து பார்ப்பது அதன் வேலை. நன்றாக இருந்தால் அதன் மின்னழுத்தம் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஊசலாடும். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் பல வண்டிகளில் இந்த ஊசலாட்டம் மந்தமாகிவிடும். போனில் இணைக்கும் மலிவான ஸ்கேனர் வாங்குவதற்கு முன் வண்டியின் வயதைப் பாருங்கள். நம் நாட்டில் ஓபிடி2 (வண்டியின் கோளாறுகளை ஸ்கேனர் படிக்க உதவும் முறை) கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய பல வண்டிகளோடு அந்த ஸ்கேனர் பேசாது.

பழி பெட்ரோல் மேலும் போகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்தப் பெட்ரோலைவிட ஏழு சதவீதம் போலக் குறையும், 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் மூன்றரை. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றது. அதாவது 16 கொடுத்த வண்டி 15 கொடுக்கும். 11-க்கு எத்தனாலைக் காரணம் சொல்ல முடியாது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் ஊறவைத்து வெடிப்பு விடவைக்கும் என்பது தனிக் கவலை. வண்டி நின்ற இடத்தில் பெட்ரோல் வாடை அடித்தால் மைலேஜ் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு முதலில் குழாயைப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று ஒவ்வொரு சர்வீசிலும் சொல்வார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. எரிபொருள் செலுத்தும் எஞ்சின்களில் அடைத்த ஃபில்டரால் இழுவைதான் குறைந்தது, மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. கார்புரேட்டர் வண்டியில் மட்டும் 2 முதல் 6 சதவீதம் வித்தியாசம் தெரிந்தது. ஃபில்டரை மாற்றுங்கள், எஞ்சினுக்கு நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். டயர் காற்றுக்கும் சொல்கிற அளவு பங்கில்லை, நான்கிலும் 10 பவுண்டு குறைந்தால் 2 சதவீதம் போகும். மலைப்பாதைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று குறைத்தவர்கள் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கூரையில் போட்ட கேரியரைச் சபரிமலை சீசன் முடிந்ததும் கழற்றிவைத்தால் நெடுஞ்சாலையில் வித்தியாசம் தெரியும்.

இத்தனையும் பார்த்த பிறகு கிளட்ச். மலையில் அரைக் கிளட்ச்சில் நின்று நின்று ஏறிய வண்டியில் பிளேட் வழுக்க ஆரம்பிக்கும். மேட்டில் மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சத்தம் கூடி வேகம் கூடாமல் இருந்தால் அதுதான். கடைசியில் எஞ்சின். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால், பழைய மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள்ளேயே இறங்குகிறது. சின்ன வேலை, ஆனால் அதைச் செய்து ஆயிலை மாற்றும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால், மூன்று சிலிண்டர் வண்டியில் இரண்டு இளம் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கரியாகவும் இருந்தால், எரிய வேண்டிய பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கில் கோளாறு. பிளக்கையும் வயரையும் இடம் மாற்றிப் போட்டும் கரி அதே சிலிண்டரில் தொடர்ந்தால், அப்போதுதான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்திருந்தால் அதற்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். ஏறவில்லை என்றால் கோளாறு எஞ்சின் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கும், அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.